குன்னூரில் வாழ்ந்த உணவறிஞர்

மனிதனுக்கு நிமிர்ந்த நடையைத் தருவது முதுகெலும்பு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முள்ளெலும்புகளும், அவற்றிடையே மெத்தைபோல் அமைந்த வட்டுகளும், சேர்ந்து உடலின் பாரத்தைத் தாங்குகின்றன; உள்ளே தண்டுவடம் ஓடுகிறது. இளமையில் இவ்வமைப்பை நாம் நினைப்பதேயில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல வட்டுகள் நீர்ப்பசை குன்றி மெலிகின்றன. எலும்பின் விளிம்புகள் தேய்கின்றன. அப்போதுதான் முதுகு என ஒன்று உண்டு என்பதே பலருக்கு நினைவிற்கு வருகிறது.

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக ஏலமலைக்கு வேலைக்குச் செல்வோர் இதனை நன்கு அறிவர். ஏலக்காய், செடியின் உச்சியில் காய்ப்பதன்று. செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிக் கிடக்கும் சரங்களில் காய்ப்பது. ஆதலின் காய் எடுக்கும் பெண்கள் ஈரமண் சரிவில் நாள் முழுதும் குனிந்தும் குந்தியும் இருத்தல் வேண்டும். பறித்த காயைச் சுமந்து மேடேறுவதும் இறங்குவதும் உண்டு. இவ்வாறு உழைக்கும் உடலுக்கு எத்தகைய உணவு வேண்டும்? வயிறு நிறைந்தால் போதுமா? வயிறு நிறைந்தும் உடல் நலிவது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை தேடித் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைச் செலவிட்ட அறிஞர் ஒருவர், அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபால் உள்ள நீலகிரியில், குன்னூர் என்னும் ஊரில் வாழ்ந்தார். அவரே சர் இராபர்ட் மெக்கரிசன்.

மெக்கரிசன் 1878ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியில் போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்பாஸ்ட்டு நகரத்தில் மருத்துவம் பயின்று, 1900ஆம் ஆண்டில் சிறப்பாகத் தேறினார். அடுத்த ஆண்டே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து கடல் கடந்து வந்தார். அப்போது அவருக்கு வயது 23. வந்த உடனே அவருக்குக் கிடைத்தது நகர வாழ்வன்று. இந்தியாவின் வடமேற்கு எல்லையில், பனிமலைகளுக்கு நடுவே கிடந்த சித்ரால் என்னும் இடத்தில் படைவீரர்களுக்கு மருத்துவம் செய்யும் பணி. அங்கே வீரர்களை மூன்று நாள் வாட்டி விட்டுச் செல்லும் ஒருவகைக் காய்ச்சலை அவர் ஆராய்ந்தார். மணல் ஈயின் கடியால் அது வருகிறது என்று கருதினார். பின்வந்த ஆராய்ச்சிகள் அக்கருத்தை உறுதி செய்தன.

1904ஆம் ஆண்டில் அவர் கில்கிட் பகுதியின் மருத்துவராக நியமிக்கப்பெற்றார். அங்குள்ள சிற்றூர்களில் பலருக்குக் கழுத்தில் கழலை இருந்தது. மலையிலிருந்து இறங்கும் ஒரே கால்வாயின் கரையில் ஊர்கள் வரிசையாக அமைந்திருந்தன. மேலே இருந்த ஊரில் கழலை குறைவாகவும், கீழே செல்லச் செல்ல மிகுதியாகவும் இருப்பதை அவர் ஊர் ஊராக எண்ணிக் கணக்கிட்டார். தனியாக ஊற்றுநீர் பருகிய ஊரில் அந்நோய் இல்லை. ஆகவே நீரில் கலந்த அழுக்கே காரணமாகலாம் என்று ஐயுற்றார்.

ஐயத்தை அவர் ஐயமாகவே விட்டுவிடவில்லை. கலங்கல் நீரை வடிகட்டி, அதில் தங்கிய வண்டலைத் தாமே நாள்தோறும் உட்கொண்டார். மனமுவந்து முன்வந்த இளைஞர் சிலரும் அவ்வாறே உட்கொண்டனர். வேறு சிலருக்கு அதே வண்டலைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். கொதிக்க வைக்காததை உண்டவர்களுள் சிலருக்குக் கழுத்து வீங்கத் தொடங்கியது. கொதிக்க வைத்ததை உண்டவர்களுக்கு வீங்கவில்லை. கழலைக்குத் தலையாய காரணம் அயோடின் குறைவே என்பதும், மாசுற்ற நீர் அதற்குத் துணைக்காரணமாகலாம் என்பதும் இன்றைய அறிவு. எனினும் பிறர் உடலில் மட்டுமன்றித் தம் உடலிலும் சோதித்த அவருடைய நேர்மை நினைக்கத் தக்கது.

கில்கிட்டில் இருந்த ஏழாண்டுகளில் மற்றொரு செய்தியும் அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. அருகிலிருந்த உன்சா பள்ளத்தாக்கு மக்கள் செல்வர்கள் அல்லர். ஆயினும் செங்குத்தான மலைப்பாதைகளில் களைப்பின்றி நடந்தனர். முதுமையிலும் வயலில் உழைத்தனர். தவிடு நீக்காத கோதுமை, பால், காய்கறி, சருக்கரைப் பாதாமிப் பழம் ஆகியவையே அவர்களுடைய உணவு. மருத்துவர் பெரும்பாலும் நோயுற்றவரையே பார்ப்பவர். மெக்கரிசனோ, நோயற்றவர் ஏன் நோயற்றிருக்கின்றனர் என்று கேட்கத் தொடங்கினார். அவர் வாழ்வின் போக்கை மாற்றிய கேள்வி இதுவே.

முதல் உலகப்போரின்போது படைப்பணியாற்றிய மெக்கரிசன், 1918ஆம் ஆண்டில் குன்னூருக்கு வந்தார். அங்குப் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறை மட்டுமே அவருக்கு ஒதுக்கப்பட்டது. பெரிபெரி என்னும் நோயை ஆராய்வது அவருக்கு இடப்பட்ட பணி. கால்கள் மரத்து, தசைகள் தளர்ந்து, சிலருக்கு இதயமும் நின்றுவிடும் கொடிய நோய் அது. அந்நாளைய சென்னை மாகாணத்தின் வடகடற்கரை மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோரை அது வருத்தியது. தமிழ்நாட்டின் தென்பகுதியில் அதே அரிசியுணவு உண்டவர்களுக்கு அது வருவது அரிது.

காரணம் அரிசியைப் பக்குவம் செய்யும் முறையில் இருந்தது. நெல்லை ஊறவைத்து அவித்துப் புழுக்கும்போது, தவிட்டில் உள்ள உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியினுள் இறங்கித் தங்குகிறது. அவிக்காத நெல்லை ஆலையில் அரைத்து வெண்மையாகத் தீட்டும்போது, அச்சத்துத் தவிட்டோடு போய்விடுகிறது. அரிசியைப் பலமுறை களைவதாலும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் எஞ்சியதும் குறைகிறது. அச்சத்தையே இன்று தையமின் அல்லது வைட்டமின் பி1 என்கிறோம்.

மெக்கரிசன் புறாக்களுக்குத் தீட்டிய அரிசியை மட்டும் கொடுத்து வளர்த்தார். சில வாரங்களில் அவை கால் தளர்ந்து, தலை பின்னோக்கி வளைந்து விழுந்தன. அந்நோயை ஐரோப்பிய அறிஞர்கள் முன்பே கண்டிருந்தனர். ஆனால் மெக்கரிசன் நோய் தோன்றும்வரை காத்திராமல், அதற்கு முன்பே உறுப்புகளை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தார். நரம்புத் தளர்ச்சி வெளியே தெரியுமுன்பே குடலும் சுரப்பிகளும் பழுதடைந்திருப்பதைக் கண்டார். குரங்குகளிலும் சீமைப் பெருச்சாளிகளிலும் செய்த ஆய்வுகளும் இவ்வுண்மையையே காட்டின. உணவுக் குறை ஓசையின்றி வருவது. நோயாக வெளிப்படுமுன் நெடுநாள் உள்ளே வேலை செய்வது. இதுவே அவர் உலகிற்குத் தந்த முதன்மையான கருத்து. 1921ஆம் ஆண்டில் தம் ஆய்வுகளைத் தொகுத்துக் குறைபாட்டு நோய்களைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார்.

புகழ் வந்த வேளையில் இடரும் வந்தது. 1923ஆம் ஆண்டில் அரசு செலவுகளைக் குறைக்க முற்பட்டது. உடனடிப் பயன் தெரியாத துறைகள்மேல் கத்தி விழுந்தது. புறாவுக்கும் எலிக்கும் சோறிடுவது வீண்செலவாகத் தோன்றியது போலும்! குன்னூர் ஆராய்ச்சி நிறுத்தப்பட்டது. மக்களின் பசிக்கும் நோய்க்கும் விடை தேடிய கூடம் ஈராண்டுகள் மூடிக் கிடந்தது. 1925ஆம் ஆண்டில் அது மீண்டும் தொடங்கப்பெற்றது. மெக்கரிசன் விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்ந்தார்.

இதன்பின் அவர் செய்த சோதனையே பெரிதும் பேசப்படுவது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவர் அவ்வவ்வாறே சமைக்கச் செய்தார். ஒரே வயதும் ஒரே எடையும் உடைய வெள்ளெலிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிற்கும் ஒரு பகுதியின் உணவை அளித்தார். கூடு, காற்று, வெளிச்சம், தூய்மை அனைத்தும் எல்லாவற்றிற்கும் ஒன்றே. முழுக்கோதுமை ரொட்டி, பால், தயிர், வெண்ணெய், பருப்பு, பசுங்காய்கறி ஆகியவை அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்து முதலிடம் பெற்றன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும், பாலையும் காய்கறியையும் மிகக் குறைவாகவும் கொண்ட சென்னைப் பகுதி உணவை உண்ட எலிகள் கடைசி இடத்தில் நின்றன.

இம்முடிவைக் கேட்டு நாம் நாணவோ சினக்கவோ வேண்டுவதில்லை. எலிகள் யாவும் ஓரினத்தவை. வேறுபட்டது உணவு மட்டுமே. ஆகவே ஒரு நாட்டு மக்கள் பிறப்பிலேயே வலியர், மற்றொரு நாட்டு மக்கள் பிறப்பிலேயே மெலியர் என்று அந்நாளில் பலர் கூறிவந்தது பொருந்தாது என்பதையே இச்சோதனை உணர்த்திற்று. ஆங்கிலேய ஏழைகள் உண்ட வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், பழப்பாகு, சருக்கரையிட்ட தேநீர், தகர டப்பா இறைச்சி ஆகியவற்றையும் அவர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவை வளர்ச்சி குன்றின. நுரையீரல் நோயும் குடல் நோயும் கொண்டன. ஒன்றையொன்று கடித்துக் கொன்றன. தம் நாட்டு உணவின் குறையையும் மறைக்காமல் எழுதியவர் மெக்கரிசன்.

நல்லுணவும் தூய்மையும் பெற்ற ஆயிரத்திற்கு மேற்பட்ட எலிகளை அவர் இரண்டாண்டுகளுக்கு மேல் வளர்த்துவந்தார். மனித வாழ்வில் ஏறத்தாழ ஐம்பது வயதுக்கு ஒப்பான பருவம்வரை அவை நோயின்றி வாழ்ந்தன. உன்சா மலையில் எழுந்த வினாவிற்குக் குன்னூர் மலையில் விடை கிடைத்தது.

உணவின் தரம் மண்ணில் தொடங்குகிறது என்பதையும் அவர் எண்ணிப் பார்த்தார். கோயம்புத்தூர் வேளாண் ஆராய்ச்சியாளரான விசுவநாத் என்பவரோடு சேர்ந்து, சிறுதானியத்தையும் கோதுமையையும் தொழுவுரமிட்டும் செயற்கை உரமிட்டும் பயிர் செய்த நிலங்களின் விளைச்சலை ஒப்பிட்டார். தொழுவுரமிட்ட தானியம் சத்து மிக்கதாக இருந்தது என 1926ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதே ஆண்டில் அமைக்கப்பட்ட வேளாண்மை அரசாணைக் குழுவினரிடம், மக்களின் உணவுக் குறையே அவர்களுடைய உழைப்பாற்றலைக் குறைக்கிறது என்று மெக்கரிசன் எடுத்துரைத்தார்.

1928ஆம் ஆண்டில் அவ்வோர் அறை ஆராய்ச்சி, ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக உயர்ந்தது. மெக்கரிசன் அதன் முதல் இயக்குநரானார். அவ்வாண்டிலேயே பள்ளி, கல்லூரி மாணவர்களும் சாரணர்களும் படித்துணருமாறு உணவைப் பற்றிய எளிய சிறுநூல் ஒன்றையும் எழுதினார். ஆய்வறிக்கை அறிஞரோடு நின்றுவிடும். மாணவர் கற்றது வீட்டு அடுப்பங்கரை வரை செல்லும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்!

1933ஆம் ஆண்டில் சர் பட்டம் பெற்ற மெக்கரிசன், 1935ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். அவருக்குப் பின் ஐக்ராய்டு என்பவர் கூடத்தின் இயக்குநராகி, இந்திய உணவுப் பொருள்களின் சத்து அளவுகளைப் பட்டியலிட்டு 1937ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆக்சுபோர்டில் வாழ்ந்த மெக்கரிசன், பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வியின் இயக்குநராகப் பத்தாண்டுகள் பணியாற்றி, 1960ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் மறைந்தார். அவர் தொடங்கிய கூடம் 1958ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969ஆம் ஆண்டு முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்று விளங்குகிறது.

மெக்கரிசன் வகுத்த வழியில் நின்று இன்று முதுகெலும்பின் நலத்தை நோக்குவோம். வைட்டமின் டியும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தால் குழந்தைகளின் எலும்பு வளைகிறது. வைட்டமின் சி இன்றேல், வட்டுக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் கொல்லாசன் என்னும் நார்ப்புரதம் சரிவர அமைவதில்லை. வைட்டமின் பி12 நெடுநாள் குறைந்தால் தண்டுவடமே சிதைந்து, கால் மரத்து நடை தடுமாறுகிறது. இக்குறையை உரிய காலத்தில் கண்டு நிரப்பினால் பெரிதும் நலம் பெறலாம். காலம் தாழ்த்தினால் இழந்தது முழுதும் மீளாது. ஓசையின்றி வரும் குறை என்று மெக்கரிசன் காட்டியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கரோட்டின் ஆகியவற்றிற்கு மற்றொரு பண்பும் உண்டு. நறுக்கிய வாழைக்காய் காற்றுப்பட்டுக் கறுப்பதை நாம் கண்டிருக்கிறோம். அதன்மேல் எலுமிச்சைச் சாறு தெளித்தால் கறுப்பது தாமதமாகிறது. ஆக்சிஜன் சேர்வதால் பொருள்கள் இவ்வாறு மாறுவதை ஆக்சிஜனேற்றம் என்பர். நம் உடலின் நுண்ணறைகளிலும் அது இடையறாது நிகழ்கிறது. அது அளவு மீறாமல் காப்பவற்றுள் இச்சத்துகளும் அடங்கும். வட்டுகள் தேய்வதில் ஆக்சிஜனேற்றத்திற்கும் பங்கு உண்டு என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

இதனைக் கேட்டவுடன், மாத்திரைகளை அள்ளி விழுங்கினால் தேய்ந்த முதுகு புதிதாகும் என எண்ணிவிடலாகாது. அவ்வாறு ஆகும் என்பதற்குச் சான்று இல்லை. முதுமை, பரம்பரை, பெருஞ்சுமை, புகைப்பழக்கம் எனத் தேய்வுக்குக் காரணங்கள் பல. பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் பழக்கமுடைய 29,133 ஆடவரிடம் ஒரு சோதனை நடந்தது. நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று கருதி, அவர்களுள் ஒரு பகுதியினருக்குக் கரோட்டின் மாத்திரை பல ஆண்டுகள் கொடுக்கப்பட்டது. 1994ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. மாத்திரை உண்டவர்களிடையே புற்றுநோய் குறையவில்லை; மிகுதியாகவே கண்டது. காயிலும் கனியிலும் பல சத்துகள் இணைந்திருந்து செய்யும் பணியை, பிரித்தெடுத்த ஒரு சத்து செய்துவிடும் என்பது உறுதியன்று.

அங்ஙனமாயின் நாம் செய்யத்தக்கது யாது? நம் மண்ணில் விளைவனவற்றை அறிந்து உண்பதே. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் இருப்பது 10 மில்லிகிராம் அளவே. நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் உள்ள வைட்டமின் சி ஆரஞ்சில் உள்ளதைவிட மிகுதி. முருங்கைக்கீரையில் கரோட்டின் நிறைந்துள்ளது. பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றால் வைட்டமின் பி12 கிடைக்கிறது. இளவெயில் வைட்டமின் டியைத் தோலிலேயே உண்டாக்குகிறது.

ஆனால் நல்லுணவு இன்னதென அறிவது மட்டும் போதாது. அதனை வாங்கும் ஆற்றலும் வேண்டும். மலைச்சரிவில் நாள் முழுதும் குனிந்து உழைப்பவளுடைய கூலி, அவள் வீட்டுக் குழந்தைக்குப் பாலும் பழமும் தருமளவு இருத்தல் வேண்டும். இவ்வறிவு ஆராய்ச்சிக் கூடத்தோடு நில்லாமல் ஆட்சியாளர்க்கும் எட்ட வேண்டும் என்பதற்காகவே மெக்கரிசன் அரசாணைக் குழுவின்முன் வாதாடினார்.

மெக்கரிசன் வியத்தகு மருந்து எதனையும் கண்டுபிடித்தவர் அல்லர். நாம் அன்றாடம் உண்ணும் சோற்றையும் குழம்பையும் ஆராய்ச்சிக்குரிய பொருளாக்கி, அவற்றில் நாட்டின் வலிவும் மெலிவும் அடங்கியிருப்பதைக் காட்டியவர். நோய் வந்தபின் அதன் பெயரைக் கேட்பவர் பலர். நோய் வாராத நாளிலேயே தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். மாணவர்களே, அக்கேள்வியை இன்று உங்கள் வீட்டில் நீங்கள் கேட்கலாம்.